தோல் வாளியும் தலைமைப் பயிற்சியும்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் இடி மழையில் பட்டம் விட்டவர் என்பதுதான் நம்மில் பலருக்கும் ஞாபகம் வரும். பட்டம் விட்டாரே தவிர, நம்மைப் போல் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனார். பத்து வயதில் அப்பா நிறுத்திவிட்டார். சோப்பும் மெழுகுவத்தியும் செய்யும் அப்பாவின் தொழிலில் திரி நறுக்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் அண்ணனுடைய அச்சுக்கூடத்தில் வேலை பழகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், பிரெஞ்சு அரசவையில் தம் நாட்டுக்காகத் தூது பேசினார், அரசியல் சாசனம் எழுதிய சபையிலே மூத்தவராக உட்கார்ந்தார். பலபேரைச் சேர்த்து ஒரு காரியத்தை முடிக்கிற வித்தையை மனிதர் எங்கே கற்றார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

பல இடங்களில் கற்றார். 1727-இல் தொழிலாளி நண்பர்களைச் சேர்த்து 'ஜுண்டோ' என்ற விவாதக் குழு ஆரம்பித்தார். 1731-இல் சந்தா நூலகம் ஒன்றைத் தொடங்கினார். இவற்றைப் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாதது அவர் சேர்ந்து நடத்திய தீயணைப்புக் கம்பெனி. கம்பெனி என்றால் வியாபாரக் கம்பெனி அல்ல. நம் பழைய நாடகக் கம்பெனி மாதிரி, ஒரு கூட்டம், ஒரு அணி. சம்பளம் கிடையாது. 'தீ, தீ' என்று குரல் கேட்டால் கையிலே தோல் வாளியோடு ஓடிவர வேண்டும். அந்தக் கூட்டத்தில் பதவி என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. நூறு வருஷம் கழித்து இதே மாதிரிக் கம்பெனிகளில் பதவி வந்தது. பதவியைப் பிடிக்க ஆட்களும் வந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

கங்கு கொண்டுபோன காலம்

பிராங்க்ளின் பிறந்த ஊர் பாஸ்டன். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1711-இல், அந்த ஊரின் நடுப்பகுதியைப் பெருந்தீ ஒன்று தின்றுவிட்டது. 1717-இல் பாஸ்டன்காரர்கள் சிலர், தீப்பிடித்தால் ஒருவர் வீட்டுச் சாமான்களை மற்றவர் காப்பாற்றுவது என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அப்போது இவருக்குப் பதினோரு வயது. பதினேழு வயதில், 1723-இல், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தார்.

பிலடெல்பியா 1682-இல் வில்லியம் பென் திட்டம் போட்டு உருவாக்கிய ஊர். அகலத் தெருக்கள், வீடுகளுக்கு நடுவே தோட்டம் என்றெல்லாம்தான் அவர் எண்ணம். ஆனால் வியாபாரம் பெருகப் பெருக டெலவேர் ஆற்றங்கரை ஓரமாகக் கிடங்குகளும் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிட்டன. கூரைகளில் பலவும் மரச் சில்லு. ஒவ்வொரு வீட்டிலும் குளிர் காய அடுப்பு. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு, கரண்டியில் கங்கு எடுத்துக்கொண்டு போவது பழக்கம். நம்ம ஊரிலும் அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கி வருவோமே, அது போலத்தான். வழியில் ஒரு கங்கு விழுந்து பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டால், நடுராத்திரியில் ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டியதுதான்.

1730-இல் ஃபிஷ்போர்ன் படித்துறைப் பக்கம் பிடித்த தீ, கிடங்குகளை எரித்துவிட்டுத் தெருவைத் தாண்டி வீடுகளுக்கும் பரவியது. ஊரார் அதற்குப் பிறகு கூடுதலாக எந்திரங்களுக்கும் வாளிகளுக்கும் ஏற்பாடு செய்தார்கள். எந்திரம் என்றால் என்ன? ஒரு மரத்தொட்டி, அதில் இருபுறமும் ஆள் நின்று ஏற்றி இறக்குகிற பம்பு. தொட்டியில் தண்ணீர் தானாக ஊறாது. கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, எந்திரம் வாங்குவது சுலபம். அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை ஒழுங்காக நிறுத்துவதுதான் பெரிய பாடு. ஆளுக்கு ஆள் கத்துவார்கள். யார் சொல்வதை யார் கேட்பது? போதாக்குறைக்கு, உதவிக்கு வருகிற மாதிரி வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு.

பெயர் போடாத கடிதம்

1735 பிப்ரவரி 4. பிராங்க்ளினுடைய சொந்தப் பத்திரிகையான 'பென்சில்வேனியா கெஜட்'டில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் ஒரு வயதான குடிமகன் என்று பாவனை. உண்மையில் எழுதியவர் பிராங்க்ளின். அப்போது அவருக்கு வயது 29! முதலில் ஜுண்டோ நண்பர்களிடம் வாசித்துக் காட்டத்தான் அதை எழுதியிருந்தார்.

கங்கை மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள், புகைபோக்கியைச் சுத்தம் செய்பவர்களுக்கு உரிமம் கொடுத்துப் பொறுப்பாக்குங்கள், பாஸ்டனில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு குழு இருப்பதுபோல் இங்கேயும் அமையுங்கள் என்று வரிசையாகச் சொல்கிறது அந்தக் கடிதம். வருமுன் காப்பது பற்றி இங்கிலீஷில் டாக்டர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டே, ஓர் அவுன்ஸையும் ஒரு பவுண்டையும் ஒப்பிடுவது, அது இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. நோயைப் பற்றி அல்ல, நெருப்பைப் பற்றி.

சொந்தப் பத்திரிகையில் சொந்தப் பெயரை ஏன் போடவில்லை? நூலகத்துக்குச் சந்தா சேர்க்க அலைந்தபோதே அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. 'இது என் யோசனை' என்று போய் நின்றால், அண்டை அயலாருக்கு 'இவன் யார் நமக்குச் சொல்ல?' என்று தோன்றும். ஆகவே தம்மைக் கூடியவரை மறைத்துக்கொண்டு, 'சில நண்பர்களின் திட்டம் இது, என்னைச் சொல்லச் சொன்னார்கள்' என்று பேசப் பழகினார். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ச் சங்கங்களில் கல்வெட்டில் பெயர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கண்ணோடு படித்தால் இந்தப் பக்கம் இன்னும் சுவையாக இருக்கும்.

யூனியன் கம்பெனியின் ஒப்பந்தம்

கடிதம் வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 1736 டிசம்பர் 7 அன்று 'யூனியன் ஃபயர் கம்பெனி' உருவானது. அதற்குச் சரியாகப் பதினாறு நாள் முன்னால்தான் பிராங்க்ளினுடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் அம்மை நோயில் இறந்திருந்தான். துக்க வீட்டிலிருந்து வந்துதான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைப் பற்றி அவர் எங்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நமக்குத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அந்த ஒப்பந்தத்தை மாணவ நண்பர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நீளமான லட்சியப் பேச்சு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் இரண்டு தோல் வாளிகளும், வாய் சுருக்கும் கயிறு வைத்த நான்கு முரட்டுத் துணிப் பைகளும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் குறைந்தது நாலு கெஜம் துணி. வாளியிலும் பையிலும் அவரவர் பெயரின் முதலெழுத்தும் கம்பெனியின் அடையாளமும் இருக்க வேண்டும். தீயைத் தவிர வேறு வேலைக்கு அவற்றை எடுக்கக்கூடாது. (வாளியை வீட்டில் வைத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்ட எடுப்பார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.) தவறினால் அபராதம்.

தீ என்ற குரல் கேட்டால் வாளி பைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஓட வேண்டும். சிலர் தண்ணீர் ஊற்ற, சிலர் சாமான்களைப் பையில் போட்டுக் கட்ட, சிலர் வாசலில் நின்று திருடர் நுழையாமல் காக்க வேண்டும். ராத்திரியானால் ஜன்னல்களில் விளக்கு வைக்க வேண்டும், தெருவில் குழப்பம் வராமலிருக்க. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஊர் முழுவதற்கும் உழைக்கிற தொண்டுக் கழகமாகப் பிறக்கவில்லை. முதலில் இது உறுப்பினர்கள் தங்களுக்குள் உதவிக்கொள்ளும் ஏற்பாடு. உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய மனைவிக்கு, கணவர் உயிரோடு இருந்தால் எப்படி உதவுவார்களோ அப்படியே உதவ வேண்டும். அந்த அம்மாள் வாளிகளையும் பைகளையும் பழுதில்லாமல் வைத்திருந்தால் போதும் என்று ஒரு விதி. சட்ட பாஷையில் எழுதிய அந்த வரியைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

உறுப்பினர் 25 பேருக்கு மேல் போகக்கூடாது என்றும் எழுதினார்கள். புதியவரைச் சேர்க்கவோ, விதியை மாற்றவோ, முதலில் ஒரு கூட்டத்தில் சொல்லி, எல்லோருக்கும் தகவல் கொடுத்து, அடுத்த கூட்டத்தில்தான் முடிவு. அதற்கும் நாலில் மூன்று பங்குப்பேர் சம்மதம் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி அடுத்தது. கம்பெனிக்குத் தலைவர் கிடையாது, கேப்டன் கிடையாது. எழுத்தர் என்று ஒருவர் உண்டு. அந்த வேலையை ஒவ்வொரு உறுப்பினரும் முறை வைத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும். எழுத்தர் என்றால் மேஜையில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது மட்டுமல்ல. வீடு வீடாகப் போய் வாளி ஒழுகுகிறதா, பை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். கூட்டம் எங்கே, எப்போது என்று ஒவ்வொருவருக்கும் ஆறு மணி நேரம் முன்னதாகவே சொல்ல வேண்டும். அபராதத்தையும் அவரே வசூலிக்க வேண்டும். விடுதி மெஸ்ஸில் மாதம் ஒரு மாணவர் மேற்பார்வை பார்க்கும் முறை பல கல்லூரிகளில் உண்டு. அனுபவித்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். இந்த மாதம் நீ பக்கத்து வீட்டு வியாபாரியிடம் போய் 'ஐயா, உங்க வாளி ஒழுகுது, அபராதம் கட்டுங்க' என்று கேட்கிறாய். அடுத்த மாதம் அவர் உன் வீட்டுக் கதவைத் தட்டுவார். கண்டிப்பும் வேண்டும், பகையும் கூடாது. பணக்காரர், கைத்தொழிலாளி என்று பார்க்காமல் எல்லோரையும் இந்தப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தது அந்த ஒரு விதி.

கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதப் பணத்தில் எந்திரம், ஏணி, கொக்கி எல்லாம் வாங்கினார்கள். சோம்பேறித்தனத்தையும் மூலதனமாக்கிய சாமர்த்தியம்! கம்பெனியில் இடம் கேட்டு இன்னும் பலர் வந்தபோது, 'நீங்களே ஒன்று ஆரம்பியுங்களேன்' என்று சொல்லி அனுப்பினார்கள். 1738-இல் ஃபெலோஷிப், 1742-இல் ஹேண்ட்-இன்-ஹேண்ட், 1743-இல் ஹார்ட்-இன்-ஹேண்ட், 1747-இல் ஃபிரெண்ட்ஷிப் என்று கம்பெனிகள் முளைத்தன. தம் அணியைப் பெருக்கிக்கொண்டு பெரிய ஆளாக வாய்ப்பிருந்தும் அதைச் செய்யவில்லை. இது சாதாரண விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீரங்கியும் ஒரு தீ எந்திரம்தானே?

இந்தக் கம்பெனியில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பிராங்க்ளின் சுயசரிதையில் ரசித்து எழுதியிருக்கிறார். அது 1747-48 குளிர்காலம். பிரிட்டனுக்கும் பிரான்ஸ், ஸ்பெயினுக்கும் போர். எதிரிக் கப்பல்கள் டெலவேர் ஆற்று முகம் வரை வந்து மிரட்டின. ஆனால் பென்சில்வேனியாவின் சட்டசபை குவேக்கர்கள் கையில். அவர்கள் எந்தப் போரையும் ஏற்காத மதப் பிரிவினர். ஆயுதத்துக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். ஆகவே பிராங்க்ளின் சிறு புத்தகம் எழுதி, பொதுமக்களே சேர்ந்து தற்காப்புப் படை அமைக்கச் செய்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பீரங்கி மேடை கட்டுவதற்காக லாட்டரி நடத்தினார்கள்.

தீயணைப்புக் கம்பெனியின் கையிருப்பு அப்போது சுமார் 60 பவுன். அதை லாட்டரிச் சீட்டில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. விதிப்படி அடுத்த கூட்டத்தில்தான் முடிவு. உறுப்பினர் 30 பேர்; அதில் 22 பேர் குவேக்கர்கள். மற்றவர் எட்டே எட்டு.

கூட்ட நாளன்று எட்டுப் பேரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். குவேக்கர்களில் எதிர்க்க வந்தவர் ஜேம்ஸ் மோரிஸ் ஒருவர்தான். 'இப்படி ஒரு யோசனை வந்ததே வருத்தம், கம்பெனியே உடைந்துவிடும்' என்றார் அவர். அதற்கு இவர்கள், 'நாங்கள் சிறுபான்மை. நீங்கள் எங்களைத் தோற்கடித்தால், எந்தச் சங்கத்திலும் உள்ள வழக்கப்படி நாங்கள் அடங்கித்தான் போவோம். இதில் உடைவதற்கு என்ன இருக்கிறது?' என்றார்கள். நேரமாகிவிட்டது, ஓட்டுக்கு விடலாம் என்றபோது, 'எதிர்க்க இன்னும் பலர் வருவார்கள், கொஞ்சம் பொறுங்கள்' என்று மோரிஸ் கேட்டுக்கொண்டார்.

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பணியாள் வந்து, கீழே இரண்டு பேர் உங்களைப் பார்க்க நிற்கிறார்கள் என்று பிராங்க்ளினிடம் சொன்னான். போய்ப் பார்த்தால் இரண்டு குவேக்கர் உறுப்பினர்கள்! 'பக்கத்துச் சத்திரத்தில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். அவசியமானால் வந்து உங்களுக்கு ஓட்டுப் போடுகிறோம். ஆனால் தயவுசெய்து கூப்பிடாமலே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்தால் வம்பு' என்றார்கள். பிராங்க்ளின் ஒன்றும் தெரியாதவர் மாதிரி மேலே வந்தார். கொஞ்சம் தயங்குவதுபோல் தயங்கி, 'சரி, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போம்' என்றார். இது மிகவும் நியாயம் என்றார் மோரிஸ். ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்க்க ஒருவரும் வரவில்லை. எட்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

தோற்றிருந்தால் என்ன செய்திருப்பார்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நண்பர் சிங் என்பவரிடம் முன்கூட்டியே சொன்னாராம்: இது தோற்றால் தீ எந்திரம் வாங்கத் தீர்மானம் போடுவோம், அதைக் குவேக்கர்கள் மறுக்க மாட்டார்கள், வாங்கும் கமிட்டிக்கு நீர் என்னைச் சொல்லும், நான் உம்மைச் சொல்கிறேன், போய் ஒரு பெரிய பீரங்கியை வாங்கி வந்துவிடுவோம், அதுவும் ஒரு வகையில் தீ எந்திரம்தானே என்று.

இது சாமர்த்தியமா, தந்திரமா? என்னைக் கேட்டால், ஒரு மணி நேரம் கொடுத்தது பாதி நாடகம். ஜெயிப்போம் என்று தெரிந்த பிறகு காட்டிய பெருந்தன்மை அது. பீரங்கி யோசனை வேடிக்கைக்குச் சொன்னதாக இருக்கலாம். நடந்திருந்தால் அது ஏமாற்றுத்தான். ஆனால் சத்திரத்து ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே, ஜெயிப்போமா தோற்போமா என்று தெரியாத நிலையில் சொன்னார்களே, 'தோற்றால் அடங்கிப் போவோம்' என்று, அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அதற்கு முன் பதினோரு வருஷம் வாளி கணக்குப் பார்த்தும் அபராதம் கட்டியும் பழகிய கூட்டமாக இருந்ததால்தான் அந்தப் பேச்சை எதிர்த் தரப்பும் நம்பியது. போர், மதம் போன்ற பெரிய விஷயத்தில் கருத்து வேறுபட்டும் கம்பெனி உடையவில்லை.

தற்காப்புப் படைக்குக் கர்னலாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குத் தகுதியில்லை என்று சொல்லி வேறொருவரைச் சிபாரிசு செய்துவிட்டு, பீரங்கி மேடையில் சாதாரணச் சிப்பாயாக முறைப்படி காவல் நின்றார். 1752-இல் இதே கம்பெனிக்காரர்கள் பலர் சேர்ந்து தீக்காப்பீட்டுச் சங்கமான 'பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப்'பை ஆரம்பித்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

கதவு யாருக்குத் திறந்தது?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான். பிராங்க்ளின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். முதுமையில், 1787-இல்தான், அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். அவர் இறந்தது 1790-இல்.

1818-இல் அதே பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்கள் தாங்களும் ஒரு தீயணைப்புச் சங்கம் வைக்க முயன்றார்கள். 'எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி ஊற்ற வழி விடுங்கள்' என்பதைத் தவிர அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளையர் கம்பெனிகள் கூடி எதிர்த்தன. கலவரம் வருமோ என்று பயந்த கறுப்பினப் பெரியவர்களே 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. வீடு எரியும்போது தண்ணீர் ஊற்றும் கைக்கு என்ன நிறம்? ஆனால் விஷயம் தண்ணீர் அல்ல. கம்பெனி வைத்தால் கூட்டம் நடத்துவார்கள், கணக்கு எழுதுவார்கள், தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றிலும் பங்கு கேட்பார்கள். எதிர்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதே 1818-இல் நியூயார்க்கில் பெரும் பனிப்புயல் அடித்த நாளில், ஓஷனஸ் என்ற 11-ஆம் எண் கம்பெனியின் எந்திரத்தை மாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி இழுத்துக்கொண்டு ஓடினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவரை ஒரு தொண்டராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டுப் போட்டு அதிகாரி ஆகும் உரிமை அவருக்கு ஏது?

புலி வரைந்த எந்திரம்

19-ஆம் நூற்றாண்டில் காட்சி மாறிவிட்டது. பிலடெல்பியாவில் 1801-இல் குழாய்த் தண்ணீர் வந்தது. 1803-இல் ரப்பர் குழாய்க்கு முன்னோடியான தோல் குழாயை வைத்தே ஒரு கம்பெனி தோன்றியது. தண்ணீரைக் குழாய் கொண்டுவந்ததால் வாளி வரிசைக்கு வேலை குறைந்தது. அதற்குப் பதில் கனமான எந்திரத்தைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடவும் பம்பு அடிக்கவும் வலுவான வாலிபர்கள் வேண்டும். கசாப்புக் கடை, தச்சுப் பட்டறை, துறைமுகம் என்று எல்லா இடத்திலிருந்தும் இளைஞர்கள் சேர்ந்தார்கள். சிவப்புச் சட்டை, பளபளவென்று வண்ணம் தீட்டிய எந்திரம், முன்னே ஊதுகுழல் போன்ற ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கட்டளையிடும் ஃபோர்மேன். ஃபோர்மேனை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி போட்டி வந்தது. யார் முதலில் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று ஓட்டம். குழாய்த் தலைமேல் பீப்பாயைக் கவிழ்த்துத் தன் கம்பெனி வரும்வரை அதன்மேல் உட்கார்ந்துகொள்ள ஆள் வைத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். வீடு ஒரு பக்கம் எரியும், இவர்கள் மறுபக்கம் அடித்துக்கொள்வார்கள். நம்ம ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிக்க எந்தத் தெரு முதலில் என்று நடக்கிற தகராறு மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

ஃபோர்மேன் பின்னால் ஓடுகிற வாலிபர்கள் தேர்தல் நாளிலும் அவர் பின்னாலேயே ஓடுவார்கள் என்பதை அரசியல் கட்சிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. டேவிட் பிராடரிக் என்பவர் கல்தச்சர் மகன். நியூயார்க்கில் 34-ஆம் எண் கம்பெனிக்கு ஃபோர்மேன். 1849-இல் தங்கவேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியா போய், சான்ஃபிரான்சிஸ்கோவிலும் எம்பயர் என்ற கம்பெனியில் முன்னின்றார். 1857-இல் அமெரிக்க செனட்டர்! அடிமை முறை பரவுவதை எதிர்த்தவர். 1859-இல் அரசியல் பகையில் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்கப்பட்டு உயிர்விட்டார்.

இன்னொருவர் வில்லியம் ட்வீட். 1823-இல் நியூயார்க்கில் பிறந்தவர், நாற்காலி செய்பவர் மகன். ஆஜானுபாகு, பேச்சில் கெட்டிக்காரர். 1848-இல் அமெரிக்கஸ் எந்திரக் கம்பெனியை, 'பிக் சிக்ஸ்' என்று பெயர் பெற்ற 6-ஆம் எண் கம்பெனியை, உருவாக்கியவர்களில் ஒருவர். சீக்கிரமே ஃபோர்மேன் ஆனார். அந்த எந்திரத்தின்மேல் உறுமும் புலித் தலை ஒன்றை வரைந்திருந்தார்கள். 1852-இல் நகராட்சி உறுப்பினர், 1853-இல் தேசிய நாடாளுமன்றத்தில் இடம், பிறகு டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் தலைவர். நகரத்தின் பொக்கிஷத்தைக் கூட்டாளிகளோடு சேர்ந்து கோடிக்கணக்கில் சுரண்டினார். 1871-இல் பத்திரிகைகள் கணக்கை வெளியிட்டன. தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் அந்தப் பழைய எந்திரத்தின் புலியையே டாமனியின் சின்னமாக வரைந்து ட்வீட்டைத் துரத்தினார். 1873-இல் தண்டனை, 1878-இல் சிறையிலேயே மரணம்.

பிராங்க்ளின் நல்லவர், ட்வீட் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதில் விஷயம் பிடிபடாது. ட்வீட்டுக்கும் ஆட்களைச் சேர்க்கத் தெரியும், பெயர் சொல்லி விசாரிக்கத் தெரியும், கஷ்டத்தில் கைகொடுக்கத் தெரியும். இதெல்லாம் கம்பெனியில் கற்றதுதான். யூனியன் கம்பெனியில் மாதத்துக்கு மாதம் கைமாறிய வேலை, இங்கே ஒரே ஆளின் கையில் தங்கிவிட்டது. அங்கே கூட்டம் பெருகினால் 'தனியாக ஆரம்பியுங்கள்' என்றார்கள். இங்கே கூட்டம் பெருகுவதே ஆளுடைய பலம். அங்கே எழுத்தர் மற்றவர் வீட்டு வாளியைப் பரிசோதித்தார், அடுத்த மாதம் அவர் வாளியும் பரிசோதனைக்கு வந்தது. ஃபோர்மேனை அப்படி யார் பரிசோதிப்பது?

சம்பளத்துக்கு ஆள்

தொண்டர் கம்பெனிகளை நகரங்களில் முடித்துவைத்தது நீராவி. சின்சினாட்டி நகரில் சண்டைகள் பொறுக்க முடியாமல், 1853 ஏப்ரல் 1 முதல் சம்பளத்துக்கு ஆள் வைத்து, நீராவி பம்போடு தீயணைப்புத் துறை ஏற்படுத்தினார்கள். நூறு பேர் கையால் அடித்த பம்பை ஒரு சில பேர் நடத்த முடிந்தது. முதல் தலைவர் மைல்ஸ் கிரீன்வுட், பழைய தொண்டர்தான். நியூயார்க் 1865-இல் அந்த வழிக்கு வந்தது. பிராங்க்ளினின் பிலடெல்பியா, ட்வீட் விழுந்த அதே 1871-இல்.

ஆனால் சிற்றூர்களில் தொண்டர் முறை சாகவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் இன்றும் சம்பளம் வாங்காத தொண்டர்களே. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மளிகைக் கடைக்காரர், பள்ளி வாத்தியார், டிரைவர். மாதக் கூட்டம், நடவடிக்கைக் குறிப்பு, அதிகாரிகள் தேர்தல் எல்லாம் உண்டு.

பென்சில்வேனியாவில் 1970-களில் இப்படிப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் இருந்தார்கள். 2018-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை அந்த எண்ணிக்கையை 38,000 என்கிறது. வேலைக்குத் தூர ஊர் போகிறார்கள், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, பயிற்சிக்கோ நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே சின்ன வயதிலேயே சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்த மாநிலத்தில் பதினான்கு வயதில் இளையோர் பிரிவில் சேரலாம். எரிகிற கட்டடத்துக்குள் நுழைய அனுமதி கிடையாது. பயிற்சியில் கலந்துகொள்ளலாம், முதலுதவி செய்யலாம். தீ அடங்கிவிட்டது என்று அதிகாரி சொன்ன பிறகு, வெளிப்புறத்தில் நின்று சுத்தம் செய்ய உதவலாம். அப்புறம், களைத்து வெளியே வருகிற பெரியவர்களுக்கு வண்டியில் காபியும் தின்பண்டமும் கொடுக்கிற வேலை. அதையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.